தேராவின் ஊசிகளும் ராத்தாவின் மூக்கும்

வியாழக்கிழமை பிற்பகல் அல்கோரிலிருந்து கிளம்பியபோது வானம் மணல் நிறத்தில் இருந்தது. என் கணவருக்கு ராஸ் லஃபான் எரிவாயு ஆலையில் வேலை என்பதால், கத்தாரின் இந்த வடகரை ஊர்தான் எங்களுக்கு வீடு. தோஹா விமான நிலையம் ஒரு மணி நேரத் தொலைவு. வழியெல்லாம் புழுதி மூட்டம். எதிரே வந்த வண்டிகள் ஓசையில்லாமல் தோன்றி, ஓசையில்லாமல் கரைந்தன. விமானத்தில் கொடுத்த பழச்சாறைக் குடித்து முடித்துச் சற்றே கண் அயர்வதற்குள் துபாய் வந்துவிட்டது. கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்தேன்.

ஊர் பார்க்கப் போகவில்லை. என் அக்கா, எங்கள் காயல்பட்டினத்து வழக்கில் ராத்தா, பர் துபாயில் அத்தர்க் கடை வைத்திருக்கிறாள். கடுஞ்சளி ஒன்று வந்து போன பிறகு அவளுக்கு எந்த மணமும் தெரியவில்லை. மூக்கு டாக்டர் கொடுத்த சொட்டு மருந்தும் மாதக்கணக்கில் பலன் தராததால், அதோடு சேர்த்துச் சீன வைத்தியமும் பார்க்கலாம் என்று அவள் கணவர் ஏற்பாடு செய்திருந்தார். அவரை நான் மச்சான் என்பேன். ஊசி என்றாலே நடுங்குகிறவளுக்குத் துணையாக வரச்சொல்லி என்னைக் கூப்பிட்டவரும் அவர்தான்.

டாக்ஸி ஓட்டியவர் பெஷாவர்க்காரர். விஷயத்தைக் கேட்டதும் தன் முழங்காலைத் தட்டிக் காட்டினார். அவரும் சீன ஊசி போட்டுக்கொண்டாராம். பாதி வலி போய்விட்டதாம், மீதிப் பாதி பழகிவிட்டதாம். மீனா பஜார் முனையில் நாற்பத்தெட்டு திர்ஹம் வாங்கிக்கொண்டு, குணமாகட்டும் என்று வாழ்த்திவிட்டுப் போனார்.

கடைக்குள் நுழைந்ததும் எனக்குத் தலை லேசாகக் கிறங்கியது. ஊத் என்கிற அகில் எண்ணெயும் சந்தனமும் ரோஜாவும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருந்தன. அத்தனைக்கும் நடுவில் ராத்தா எதுவும் எட்டாத இடத்தில் இருப்பவள் போல உட்கார்ந்திருந்தாள். எதை எதோடு சேர்ப்பது என்ற பழக்கம் கையில் இருந்ததால் இத்தனை நாள் ஒப்பேற்றியிருக்கிறாள். போன வாரம் பழைய வாடிக்கைக்கார அரபுப் பெண்மணி ஒருவர், மகள் கல்யாணத்துக்குக் கலந்து வாங்கிய புட்டியைத் திருப்பி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

"கண்ணு தெரியாதவ துணி விக்கிற மாதிரி இருக்கு புள்ள. நோன்புக்குள்ள சரியாகலேன்னா கடையைக் கைமாத்திட வேண்டியதுதான்" என்றாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மச்சான் எங்களைக் காரில் கடற்கழிக்கு அக்கரையில் இருக்கும் தேராவுக்குக் கூட்டிப்போனார். நகைக்கடைகளுக்குப் பின்னால் ஒரு பழைய கட்டிடம், இரண்டாவது மாடி. சுவர் முழுக்கச் சிறு சிறு மர இழுப்பறைகள். வைத்தியர் ஐம்பது வயதிருக்கும் சீனப் பெண்மணி. அரபு, இந்தி, ஆங்கிலம் மூன்றையும் கலந்து மெதுவாகப் பேசினார். நாடியைப் பிடித்து, நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். என்னென்ன மருந்து சாப்பிடுகிறாள் என்று விசாரித்து, சொட்டு மருந்தை நிறுத்தக்கூடாது என்றார். வாசனை திரும்பும் என்று வாக்குக் கொடுக்கவில்லை. வரலாம், வராமலும் போகலாம், எப்படியும் மெதுவாகத்தான் நடக்கும் என்றார். "ஷுவை ஷுவை", மெல்ல மெல்ல, என்று அரபில் தன் ஊசிகளுக்கே சொல்வது போலச் சொன்னார்.

ஊசிகள் தலைமுடி கனமே இருந்தன. மூக்கின் இரு பக்கமும், புருவங்களுக்கு நடுவிலும், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலும் இறக்கினார். என் கையைப் பிடித்திருந்த ராத்தாவின் பிடி முதலில் இறுகியது, பிறகு தானாகத் தளர்ந்தது. தவனம் எனும் மரிக்கொழுந்தின் இனத்தில் ஏதோ ஒரு செடியின் காய்ந்த இலைச் சுருளைக் கொளுத்தி, அவள் நெற்றிக்கு மேலே அனல் படும்படி பிடித்தார். அறை முழுக்கப் புகை கமழ்ந்தது. ராத்தா என்னைப் பார்த்து இல்லை என்று கண்ணால் சொன்னாள்.

என் தோள் இறுகிக் கிடப்பதை அவர் கவனித்திருக்க வேண்டும். பக்கத்துக் கட்டிலில் படுக்கச் சொல்லி எனக்கும் நாலைந்து ஊசி போட்டார். மெல்லிய பாரம் ஒன்று கைகளில் இறங்கியது. ஏசியின் இரைச்சல் தூரத்துக் கடலாக மாறியது. ஊசிகளெல்லாம் தோணிகளாகி, நான் தண்ணீராகி, அவை என்மேல் ஆடிக்கொண்டிருந்தன. எழுப்பியபோது எந்த நாட்டில் இருக்கிறேன் என்பது கொஞ்ச நேரம் பிடிபடவில்லை. அன்று முழுக்கத் தோளே இல்லாதது போல லேசாக இருந்தது.

இழுப்பறைகளிலிருந்து காய்ந்த மருந்துகளை நிறுத்துப் பொட்டலம் கட்டினார். அதில் பூனையின் பாதம் போல ரோமம் படர்ந்த பூமொட்டுகள் இருந்தன, மூக்கடைப்புக்கு அவர்கள் ஊரில் கொடுப்பதாம். வீட்டில் கஷாயம் கொதிக்கும்போது மச்சான் பால்கனிக்கு ஓடிவிடுவார். ராத்தா மட்டும் முகம் சுளிக்காமல் குடிப்பாள்.

ஒருநாள் விட்டு ஒருநாள் தேராவுக்குப் போனோம். அவளுக்குத் தூக்கம் நன்றாக வந்தது, தலைபாரம் குறைந்தது. மணம் வரவில்லை. நான் ஊர் திரும்புவதற்கு முந்தைய மாலை மச்சானுக்குக் கார் தோதுப்படவில்லை என்பதால், வைத்தியம் முடிந்ததும் நாங்கள் இருவரும் கழியைக் கடக்கும் ஆப்ரா படகில் ஏறினோம். ஆளுக்கு ஒரு திர்ஹம். வெயில் தாழ்ந்து தண்ணீர் செம்பு நிறமாகக் கிடந்தது. கரையோரக் கட்டிடங்கள் புழுதியில் மிதந்தன.

நடுத்தண்ணீரில் ராத்தா முக்காட்டை மூக்கிலிருந்து விலக்கினாள்.

"இங்க டீசல் வாடை அடிக்குதா?"

அடிக்கிறது என்றேன். அவள் எஞ்சின் பக்கம் நகர்ந்து, கண்ணை மூடி மூச்சை இழுத்தாள். பர் துபாய்க் கரை வந்தது, எல்லோரும் இறங்கினார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. வங்காளத்துப் படகோட்டி, "பெஹன், உத்ரோ" என்று இறங்கச் சொன்னார். அவள் இன்னும் இரண்டு திர்ஹம் எடுத்து நீட்டினாள். மறுபடி தேரா. மறுபடி பர் துபாய். மூன்றாவது தடவை அவர் எங்களிடம் ஒன்றும் கேட்காமலே படகை எடுத்தார். கரிந்த புகை காற்றில் வரும்போதெல்லாம் ராத்தா அதை அத்தரைப் போல வாங்கிக்கொண்டாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. அந்தித் தொழுகைக்கு மஃரிப் பாங்கு சொல்லும்வரை அந்தக் கழிக்குக் குறுக்கே போய்வந்துகொண்டிருந்தோம்.

மறுநாள் விமான நிலையத்துக்குப் போகிற வழியில் வைத்தியரிடம் சொன்னோம். ஊசியா, கஷாயமா, சொட்டு மருந்தா, காலமா என்று தன்னால் பிரித்துச் சொல்ல முடியாது என்றார். ஆனால் அவர் முகம் சிறுபெண்ணின் முகமாகிவிட்டது. ராத்தாவுக்கும் அதைப் பிரித்துப் பார்க்கும் எண்ணமில்லை.

அல்கோரில் இறங்கியதும் கடற்காற்றில் உப்பும் பாசியும் மணத்தன. இத்தனை வருஷம் இங்கே குடியிருந்தும் இதை நான் நின்று முகர்ந்ததில்லை. வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றேன்.

இரண்டு வாரம் கழித்து ராத்தாவின் குரல் பதிவு வந்தது. ரோஜா இன்னும் பிடிபடவில்லையாம், சந்தனம் நூலிழை போல எட்டிப் பார்க்கிறதாம். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "மச்சான் நேத்து மீன் வாங்கிட்டு வந்தாஹ. பச்சை மீன்னு சத்தியம் பண்ணுனாஹ. நான் ஒரு தடவைதான் மோந்தேன் புள்ள. திருப்பிக் கொடுத்துட்டு வாங்கன்னு அனுப்பிட்டேன்."