ஞாயிற்றுக்கிழமை வெல்டிங்

ஞாயிறு காலை ஏழு மணிக்கு எனக்கு டிராயிங் கிளாஸ் என்று வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். அப்பாவின் தங்கையான என் அத்தைதான் கூட்டிப்போவாள். உண்மையில் நாங்கள் போனது ஓசூருக்கு வெளியே, மனை பிரித்து இன்னும் ஒரு வீடுகூட எழும்பாத லேஅவுட்டுக்கு. தார்ச்சாலைகள் மட்டும் குறுக்கும் நெடுக்குமாகத் தயாராக இருந்தன. அங்கே இருபது பேர் மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தைத் தூக்கி, பின்சக்கரத்தில் மட்டும் ஓட்டிக்கொண்டிருப்பார்கள். அதற்குப் பெயர் வீலிங்.

கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பையன்களும் இந்தப் பக்கத்துக் கம்பெனிப் பிள்ளைகளும் கலந்த கூட்டம் அது. தலைமுடியில் செம்பட்டைச் சாயம், மட்கார்டு கழற்றிய வண்டிகள். கன்னடத்தில் தொடங்கிய பேச்சைத் தெலுங்கில் திட்டித் தமிழில் முடிப்பார்கள். பேப்பரில் இவர்களைப் பற்றி வந்தால் தலைப்பில் ‘அட்டகாசம்’ என்று இருக்கும். பெண்கள் இரண்டே பேர். அதில் ஒருத்தி அத்தை. வாரம் ஆறு நாள் ஸ்கூட்டர் கம்பெனி லைனில் நின்று முன்சக்கரம் மாட்டியவள், ஏழாவது நாள் அதைத் தரையில் படவிடாமல் ஓட்டிப் பழகினாள்.

நான் ஒரு மனையின் எல்லைக்கல்மேல் உட்கார்ந்து, வீட்டில் காட்டுவதற்கு ஒரு மலையும் சூரியனும் வரைவேன். வீலிங் பற்றி மூச்சு விடக்கூடாது என்பது அத்தையின் கட்டளை. ஒரு வருடத்தில் ஒருமுறைகூட நான் உளறவில்லை. அதில் எனக்கிருந்த கர்வம் ஒன்பது வயதுக்கு அதிகம்.

அப்போதுதான் ஊத்தங்கரைப் பக்கமிருந்து அத்தையைப் பெண் பார்க்க வந்தார்கள். நிலம், மாந்தோப்பு, நல்ல குடும்பம். கல்யாணமானால் மருமகள் வேலைக்குப் போகவேண்டியதில்லை என்று தரகர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அப்பாவுக்கு அது சலுகையாகப் பட்டது. அத்தை அன்று ஓரிடத்தில் நிற்கவில்லை. புடவையை மூன்று முறை கட்டி அவிழ்த்தாள். ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் நடந்தாள். பிறகு என்னை இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

“பாப்பா, ஞாயித்துக்கிழமை பத்திக் கேட்டா இன்னைக்கு ஒளிக்காத. வீலிங்னே சொல்லிடு.”

“அப்பா அடிப்பாங்க அத்தை.”

“உன்ன ஒண்ணும் பண்ண மாட்டாங்க. பேச்ச நான் எடுத்து வுடுறேன். நீ சொல்லிடு, அவ்ளோதான்.”

இது எனக்கு வைக்கும் பரீட்சை என்று உடனே புரிந்துகொண்டேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளையின் அப்பா பேச்சுக்காரர். எருது விடும் விழாவில் தங்கள் காளை ஓடிய வேகத்தைச் சொன்னார். அதன் குறுக்கே போய்த் தன் மகன் காறை எலும்பை முறித்துக்கொண்டதையும் சொன்னார். மாப்பிள்ளை வெட்கத்தோடு காலரை விலக்கித் தழும்பைக் காட்டினார். எல்லோரும் மெச்சினார்கள். அப்பா எழுந்து அருகில் போய்ப் பார்த்தார்.

காபி கொடுத்த அத்தை உள்ளே போகாமல் நின்றாள்.

“லீவு நாள்ல என்னாம்மா பண்ணுவ? டிவியா?” என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

“இவளக் கேளுங்க. எங்கூடத்தான் வருவா.”

“நீ சொல்லு கண்ணு, ஞாயித்துக்கிழமை உங்க அத்தை என்னா பண்ணும்?”

எல்லா முகங்களும் திரும்பின. அத்தையின் கால் கட்டைவிரல் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது.

“வீ…” என்று வாய் தொடங்கியேவிட்டது. சட்டென்று திருப்பினேன். “வெல்டிங் கத்துக்கறாங்க.”

அவர் தொடையில் தட்டினார். “பாருய்யா! பொம்பளப் புள்ள வெல்டிங்கா! எங்க தோப்பு இரும்பு கேட்டு ரெண்டு மாசமா ஒடிஞ்சி தொங்குது. ஒட்டுறவன் இன்னைக்கு வர்றேன் நாளைக்கு வர்றேன்னு ஏமாத்துறான். இனிமே எவன் தயவும் வேணாண்டா” என்று மகனைப் பார்த்துச் சிரித்தார்.

அப்பா அந்தச் செய்தியை அப்போதுதான் கேள்விப்படுகிறார். இருந்தாலும், “ஆமாங்க, சின்னதுலேர்ந்தே அதுக்கு அதுல ஒரு இது” என்றார்.

அங்கேயே பூ வைத்தார்கள். தை மாதத்தில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள். வேலையைப் பற்றி யாரும் அத்தையைக் கேட்கவில்லை.

அவளே வாய் திறந்து சொல்லியிருந்தால் அப்பா மறுநாளே கம்பெனி பஸ்ஸில் ஏறவிட்டிருக்க மாட்டார். பிள்ளை சொன்னால், உளறுகிறது என்று அப்பாவிடம் மழுப்பிவிடலாம். வந்தவர்கள் மட்டும் சந்தேகப்பட்டு எழுந்து போயிருப்பார்கள். அத்தைக்கு அன்று வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அதற்கு அவளிடம் இருந்த ஒரே ஆள் நான். இது எனக்குப் பிடிபட இன்னும் பத்து வருடம் ஆயிற்று.

அன்று அவர்கள் கார் கிளம்பியதும் சமையலறைக்கு ஓடி, அத்தையின் காதருகே, “நான் சொல்லவே இல்லையே!” என்றேன்.

அத்தை கையிலிருந்த காபி டம்ளரைக் கீழே வைத்தாள். பிறகு என் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினாள். பாராட்டுக்கு இவ்வளவு வலிக்குமா என்று கண்ணாடியில் போய்ப் பார்த்துக்கொண்டேன்.