நம்பர் எடுத்தால்தான் புகார்

ஷாமளா டீச்சருக்குக் குரல் சின்னது. பக்கத்து வீட்டுப் பூனையைக்கூட அதட்டி விரட்டத் தெரியாது என்பார் அவர் கணவர். அப்படிப்பட்டவரிடம்தான் லாயாங் லாயாங் ஊர்ப் பக்கத்தில் ஒரு தமிழ்ப்பள்ளி, இருபத்தாறு பிள்ளைகள் கொண்ட இரண்டாம் ஆண்டு வகுப்பைத் தூக்கிக் கொடுத்திருந்தது. எட்டு வயதில் படிப்பதெல்லாம் பகுதிநேர வேலை. முழுநேர வேலை புகார் சொல்வது. "டீச்சர், இவன் என்னையே பாக்குறான்!" "டீச்சர், இவ என் பென்சிலப் பாத்துச் சிரிக்கிறா!" இரண்டாம் வாய்ப்பாடு முடிவதற்குள் மணி அடித்துவிடும்.

ஆசிரியர் வேலைக்கு வருமுன் ஷாமளா குளுவாங்கில் ஒரு கிளினிக் முகப்பில் உட்கார்ந்து இரண்டு வருடம் நம்பர் கூப்பிட்டவர். கையில் நம்பர் இல்லாத ஆள் எகிறிக் குதிப்பார். நம்பரைக் கொடுத்துவிட்டால் அதே ஆள் வாயை மூடிக்கொண்டு நாற்காலி தேடுவார். இது ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி காயப்போடும்போது அவருக்கு நினைவுக்கு வந்தது. மறுநாளே வகுப்பு மூலையில் ஒரு மேசை, ஒரு சின்ன மணி, அட்டையில் வெட்டிய நம்பர்கள். புகார் உள்ளவர்கள் நம்பர் எடுக்க வேண்டும். பத்து மணிக்குக் கவுண்டர் திறக்கும். நம்பருக்குப் பொறுப்பு லோஷினி. வகுப்பிலேயே அதிகப் புகார் சொன்ன மகராசி அவள்தான்.

முதல் வாரமே பாதிப் புகார்கள் பறந்து போயின. நம்பர் வருவதற்குள் சண்டை போட்ட இரண்டு பேரும் ஒன்றாய் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருப்பார்கள். மிச்சத்தை ஷாமளா ஒன்றுவிடாமல் காதுகொடுத்துக் கேட்டார். எட்டாம் வாய்ப்பாடு வரைக்கும் வகுப்பு வந்துவிட்டது.

ஆனால் பத்து மணிச் சிரிப்புச் சத்தம் அலுவலகம் வரை கேட்டது. தலைமையாசிரியர் ஜெயபாலன் எட்டிப் பார்த்தார். "இது என்ன டீச்சர், வகுப்பா, போஸ்ட் ஆபீஸா?" கட்டொழுங்கு ஆசிரியர் வீரமுத்து ஒரு வாரம் பின்னால் உட்கார்ந்து பார்ப்பார், இந்த முறை சரியில்லை என்று அவர் சொன்னால் இரண்டாம் ஆண்டு அவர் கைக்குப் போகும், ஷாமளா நூலகத்துக்குப் போக வேண்டும் என்று முடிவானது. ஷாமளாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. அந்த இருபத்தாறு வாயாடிகளை விட்டுக்கொடுக்க அவருக்கு மனமே இல்லை.

வீரமுத்துவின் ஐந்தாம் ஆண்டில் குண்டூசி விழுந்தால் கேட்கும். அவர் மீசையைப் பார்த்தாலே பிள்ளைகள் கைகட்டி நிற்பார்கள். திங்கட்கிழமை அக்குளில் ரோத்தான் பிரம்பை இடுக்கிக்கொண்டு ஷாமளாவின் வகுப்புக்கு வந்தார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, "ஏய், யார்றா அங்க பேசறது?" என்று ஓர் அதட்டல் போட்டார்.

லோஷினி ஓடிவந்து அவர் உள்ளங்கையில் ஒரு அட்டையை வைத்தாள். "புகாரா சார்? ஏழாம் நம்பர். பத்து மணிக்குக் கூப்பிடுவோம். உக்காருங்க லா."

வீரமுத்து ஏதோ சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் பாஸ்போர்ட்டுக்கும் வங்கிக்கும் மருத்துவமனைக்கும் நம்பர் பிடித்துப் பிடித்துப் பழகிய உடம்பாயிற்றே! கால்கள் தாமாகவே நாற்காலியைத் தேடிப் போயின. முழங்கால் நெஞ்சில் இடிக்க அந்தக் குட்டி நாற்காலியில் உட்கார்ந்து, கவுண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஷாமளா வெண்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார்.

பத்து மணி. ஆறாம் நம்பர் கவினுடையது. வாயே திறக்காத பையன் அவன்.

"டீச்சர், அஞ்சாம் ஆண்டு அண்ணன் ஒருத்தரு தெனமும் என் ரொட்டியப் பிடுங்கிச் சாப்புடுறாரு. மூணு வாரமா."

வகுப்பே வீரமுத்துவைத் திரும்பிப் பார்த்தது. ஐந்தாம் ஆண்டு யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். வீரமுத்து எழுந்து வந்தார்.

"என் வகுப்புப் பையனா? என்கிட்ட ஏன்டா சொல்லல?"

கவின் ரோத்தானைப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். "உங்ககிட்ட எடுக்க நம்பர் இல்லையே, சார்."

லோஷினி மணியைத் தட்டி, "ஏழு!" என்று கூப்பிட்டாள். வீரமுத்து அட்டையை அவளிடமே திருப்பிக் கொடுத்தார். கவினைக் கூட்டிக்கொண்டு சிற்றுண்டிச்சாலைக்குப் போய், இரண்டு ரொட்டி வாங்கிக் கொடுத்து, அவன் தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தார். செவ்வாயிலிருந்து அவருடன் ரோத்தான் வரவில்லை. ஆனால் என்ன முடிவு சொல்லப்போகிறார் என்பதை மனிதர் ஷாமளாவிடம் காட்டிக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் மூவரும் உட்கார்ந்தார்கள். ஷாமளா தன் பக்க நியாயங்களை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார்.

"எப்படி வீரமுத்து சார், அடுத்த வாரம் ரெண்டாம் ஆண்ட நீங்க எடுத்துக்கறீங்களா?" என்றார் ஜெயபாலன்.

"வேணாம் சார். அதுங்க டீச்சர்கிட்டயே இருக்கட்டும். நல்லா இருக்குதுங்க."

ஷாமளாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கையிலிருந்த தாள் எப்போது கசங்கியது என்றே தெரியவில்லை.

"சத்தம் அதிகமா இருக்கே சார்?" என்றார் ஜெயபாலன்.

"இருக்கட்டும் சார்." வீரமுத்து மீசையைத் தடவிக்கொண்டார். "நாலு வருஷமா என் வகுப்புல ஒருத்தன்கூட எங்கிட்ட புகார் சொன்னதில்ல. எல்லாம் நல்ல பிள்ளைங்கன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."