என்னிடம் மறைத்த மாத்திரை

காலை பத்தேகால் மணிக்குப் பள்ளியிலிருந்து போன் வந்தது. ஒன்பதாவது படிக்கும் என் மகள் நிவேதாவுக்குக் கடுங்காய்ச்சல். தொண்டை வீங்கி எச்சில்கூட விழுங்க முடியவில்லை. ஆட்டோ பிடித்து, கள்ளக்குறிச்சியில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனேன்.

ஊசி எழுதும் முன் மருத்துவர், "எந்த மருந்தாவது இவளுக்கு ஒத்துக்காம போயிருக்காம்மா?" என்று கேட்டார்.

"அப்படி எதுவும் இல்லைங்க" என்றேன். பெற்றவளுக்குத் தெரியாதா?

நிவேதா என் கையை இழுத்தாள். "இருக்கும்மா. அப்பா லீவுல வந்தப்ப இதே தொண்டைவலிக்குச் சங்கராபுரம் கூட்டிகினு போச்சுல்ல? அந்த மாத்திரையில மூஞ்செல்லாம் வீங்கிடுச்சு. நீ அழுது ஊரைக் கூட்டிடுவன்னு அப்பாதான் சொல்லாதன்னுச்சு."

மருத்துவரின் பேனா நின்றது. "இதே தொண்டைவலிக்கா? அப்ப நான் போட இருந்த வகையாத்தான் இருக்கும்" என்றார்.

என் கணவர் போர்வெல் லாரியோடு வடக்கே இருந்தார். மாத்திரையின் பெயரைக் கேட்கப் போன் போட்டால் லைன் கிடைக்கவேயில்லை. வேறு வகை மருந்து போட்டு, பக்கத்திலேயே இருந்து கவனித்தார் மருத்துவர். மகளுக்கு மெல்லக் காய்ச்சல் தணிந்தது. எனக்கோ என் கணவரின் குரலை ஒருமுறை கேட்டால் போதுமென்றிருந்தது.

இப்போது அந்த மருந்தின் பெயரை மகளும் நானும் மனப்பாடமாக வைத்திருக்கிறோம். யாரும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறோம். எதையும் அழாமல் கேட்கவும் பழகுகிறேன்.

பெயரைச் சொன்னவர் என் கணவர்தான். தகவல் கிடைத்து, மூன்றாம் நாள் வந்து சேர்ந்தார். தோளிலிருந்து பையைக்கூட இறக்கவில்லை. இனி வடக்கே போகவில்லை என்று சொல்வாரா என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இனிமே எதுவானாலும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் போவேன்" என்றார்.