திருப்பிப் போட்ட ஜெர்சி

இப்போதுதான் ரூமுக்கு வந்து சேர்ந்தேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மஸ்கட்டில் டூட்டி முடிந்து, ரூம் இருக்கும் ரூவிக்கு டாக்ஸி பிடித்தேன். கண்ணாடி வழியாக என்னையே முறைத்துக்கொண்டு வந்த ஓமானி டிரைவர், ஆளில்லாத இடத்தில் வண்டியை ஓரங்கட்டி, "இறங்கு!" என்றார் இந்தியில்.

யார் நிறுத்தினாலும் நம் கை தானாக பாக்கெட்டுக்குத்தானே போகும்? லேபர் கார்டை எடுத்து நீட்டினேன்.

"விசா இருக்கு பாய். விசா கொடுத்த கஃபீல் நம்பர் தரவா?"

அவர் கார்டைப் பார்க்கவே இல்லை. என் ஜெர்சியில் இருந்த கிளப் முத்திரையை விரலால் குத்தினார்.

"நேத்து லீக் மேட்ச்சில எங்களைத் தோக்கடிச்சவன் சட்டை! எங்கப்பா காலத்திலேருந்தே இவனுங்களோட ஆகாது!"

வேர்வை ஒட்டாதென்று கடையில் வாங்கிய ஜெர்சி அது.

"மாஃபி கிளப் பாய்! மாஃபி ஃபுட்பால்!" என்று, எனக்குத் தெரிந்த அரபியில் 'இல்லை, இல்லை' சொல்லிக் கும்பிட்டேன்.

"அப்படின்னா திருப்பிப் போடு."

நடுரோட்டிலேயே கழற்றி, தையல் வெளியே தெரியப் போட்டுக்கொண்டேன். அப்புறம்தான் கதவைத் திறந்துவிட்டார். ரூவி வரை ஒரே சிரிப்பு அவருக்கு. நான்தான் கடைசிவரை கார்டைக் கையிலேயே பிடித்தபடி வந்தேன்.

இந்த ஊருக்கு வந்து இத்தனை வருஷத்தில், உன் கஃபீல் யார் என்று கேட்காமல் நீ எந்த டீம் என்று கேட்ட முதல் ஆள் அவர்தான்.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள், ரூவி டாக்ஸிக்கு எந்த டீம் பத்திரம்?