முதலாளிக்குக் கொடுத்த கொடுவா

நெல் அவிக்கிற வாடை வந்தாலே எனக்குச் சிரிப்பு வந்துவிடும். சின்ன வயதில் எங்கள் ஊர் அரிசி ஆலை முதலாளி, நெல் ஊறிய நாறல் தண்ணீரை வாவிக்குள்தான் விடுவார். அப்பாவின் வலையில் புண் வைத்த மீன்களே வந்தன, வாங்க ஆளில்லை.

பருவத்தின் முதல் கொடுவா மீன் முதலாளி வீட்டுக்குப் போவது வழக்கம். அவர் மகனை மாப்பிள்ளை கேட்டு ஆட்கள் வந்திருந்த அன்று, அம்மா புண் வைத்த கொடுவாவைக் கொண்டுபோய் நடுக்கூடத்தில் வைத்தார்.

"என்னடி இது?"

"உங்கட ஆலைத் தண்ணி குடிச்சு வளந்த மீன், முதலாளி. ஆசையாச் சாப்பிடுங்க. காணாட்டி இன்னும் கொண்டு வாறன்."

வந்தவர்கள் தேத்தண்ணீரைத் தொடாமலே எழும்பிப் போனார்கள். அந்தக் கிழமையே ஆலைக்குப் பின்னால் கழிவுக்குக் குழி வெட்டினார்கள். அம்மா வேலியோரம் நின்று கூப்பிட்டார்:

"இன்னும் ஆழமா வெட்டச் சொல்லுங்க, முதலாளி!"