மாமனார் பெயர்

ஆழ்வார்குறிச்சி ரயில் நிலையத்தில் செங்கோட்டை வண்டிக்காகக் காத்திருக்கிறேன். ஒரு பெண் தன் மூன்று வயதுப் பையனின் பின்னால் ஓடுகிறாள்.

"மாமா, அங்கன போகாதிய! மாமா, செருப்பைக் கழட்டாதிய!"

இவ்வளவு மரியாதையை நான் கலெக்டருக்கும் கொடுத்ததில்லை.

என் முகத்தைப் பார்த்து, பெஞ்சில் இருக்கும் வெள்ளைக்காரர் சிரிக்கிறார். அவள் கணவர்தான். கிரீஸிலிருந்து வந்து இந்த ஊர்ப் பெண்ணைக் கட்டி, இங்கேயே வைத்தியம் பார்க்கும் டாக்டர். இன்று கிளினிக்கைப் பூட்டியும் நோயாளிகள் விடவில்லை. ஒருவர் அவரிடம் நாக்கை நீட்டிக்கொண்டிருக்கிறார்.

"எங்க கிரீஸ்ல மூத்த பயலுக்குத் தாத்தா பேருதான் அண்ணாச்சி. நிக்கோலாஸ்னு எங்கப்பா பேரை வச்சேன். மாமனார் பேரை எப்படிச் சொல்லுவேன்னு இவ பயலை மாமான்னே கூப்பிடுதா. மருமகளுக்கு என் பேரு பிடிக்கலையோன்னு அப்பா போன்ல வருத்தப்படுதாவ. இன்னைக்குத்தான் முதல்முறையா வாராவ. எனக்குப் பயமா இருக்கு."

வண்டி வந்து நிற்கிறது. தொப்பி போட்ட வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் பெட்டியுடன் இறங்கப் போகிறார். பையன் அம்மாவின் கையை உதறிவிட்டு வண்டியை நோக்கிப் பாய்கிறான்.

"ஏலே நிக்கோலாஸ்! நில்லுலே!"

பையன் நிற்கிறான். தூக்கிய காலுடன் கிழவரும் நிற்கிறார். மறுகணம் தொப்பியைக் கழற்றி ஆட்டிச் சிரிக்கிறார். அவளோ சாமி முன்னால் நிற்பதுபோல் கன்னத்தில் போட்டுக்கொள்கிறாள்.

டாக்டர் கண்ணைத் துடைத்தபடி என்னிடம் சொல்கிறார்: "பேரைச் சொல்லிட்டா அண்ணாச்சி. அதுவும் லே போட்டுல்லா சொல்லிட்டா!"