சாரதாமணி சொன்ன சாட்சி

வேலம்பாளையத்தில் சாரதாமணிக்கு ஒரே வரிசையில் ஆறு வாடகை வீடுகள் இருக்கின்றன. கணவர் முருகவேல் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். வீடுகளைப் பார்த்துக்கொள்வது முழுக்க சாரதாமணியின் வேலை. மோட்டார் போடுவது, குழாயடிச் சண்டையைத் தீர்ப்பது, ஊருக்குப் போகிறவர்களின் சாவியை வாங்கி வைப்பது என்று பொழுது போய்விடும்.

நான்கு வருடங்களுக்கு முன்னால் கடைசி வீட்டுக்கு முப்பிடாதி குடிவந்தாள். இருபத்தாறு வயது, சங்கரன்கோவில் பக்கம். கணவனின் அடி தாங்காமல் தனியாகக் கிளம்பி வந்து பனியன் கம்பெனியில் ஓரம் தைக்கும் ஓவர்லாக் டெய்லராகச் சேர்ந்திருந்தாள். சத்தமாகச் சிரிப்பாள். லீவு நாளில் சாரதாமணிக்குத் தலையில் எண்ணெய் தேய்த்துவிடுவாள்.

ஏழாவது மாதம் கணவன் தேடி வந்துவிட்டான். வாசலில் நின்று கத்தினான். முருகவேலும் பக்கத்து வீட்டுக்காரர்களும் சேர்ந்து அவனை விரட்டினார்கள். மறுநாள் திங்கட்கிழமை, வேலைக்குப் போகும் வழியில் முப்பிடாதி வந்து நின்றாள்.

“அக்கா, உள்தாழ்ப்பா சரியா விழ மாட்டேங்கு. தள்ளுனா தெறந்துக்கிடுது. கொஞ்சம் மாத்தித் தாங்கக்கா.”

“ஞாயித்துக்கெழமை ஆசாரி வருவாரு கண்ணு. அதுவரைக்கும் சேரை முட்டுக் குடுத்துக்கோ.”

வியாழக்கிழமை சாயங்காலம் அவன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். அலறல் கேட்டு சாரதாமணி ஓடியபோது அவன் கத்தியோடு வெளியே வந்துகொண்டிருந்தான். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முப்பிடாதி இறந்துபோனாள். அடுத்த நாள் பல்லடம் பஸ் ஸ்டாண்டில் போலீஸ் அவனைப் பிடித்தது.

அந்த வாரமே ஆறு வீடுகளுக்கும் புதுத் தாழ்ப்பாள் போட்டார் சாரதாமணி. முப்பிடாதி தாழ்ப்பாள் கேட்டிருந்ததைப் பல நாள் கழித்து முருகவேலிடம் மட்டும் சொன்னார்.

“கொல்லோணும்னு வந்தவன். தாப்பா இருந்தா மட்டும் உட்டிருப்பானா?” என்றார் அவர்.

“ஒடைக்கறதுக்குள்ள நாம ஓடிப் போயிருப்பமுங்க.”

அதன் பிறகு அவர்கள் அதைப் பேசவில்லை. டிவியில் கொலைச் செய்தி வந்தால் சாரதாமணி எழுந்து வாசலுக்குப் போய்விடுவார்.

மூன்று வருடம் கழித்து வழக்கு விசாரணைக்கு வந்தது. அரசு வக்கீல் பிரபாகரிடம் சாரதாமணி தாழ்ப்பாள் விஷயத்தையும் சொன்னார்.

“அதெல்லாம் வேண்டாமுங்கம்மா. கேட்ட சத்தம், பாத்த ஆளு. அது போதுங்க.”

கூண்டில் ஏறி, கேட்டதையும் பார்த்ததையும் சொன்னார். முடிந்தது என்று வக்கீல் தலையாட்டிய பிறகும் இறங்கவில்லை. “அந்தப் புள்ள மூணு நாளைக்கு முன்னாடியே தாப்பா கேட்டுச்சுங்க சாமி. நாந்தான் போட்டுக் குடுக்கல” என்றார். நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். பிறகு, போகலாம் என்றார்.

வராண்டாவில் முப்பிடாதியின் அம்மா பேச்சியம்மாள் காத்திருந்தார். திட்டப்போகிறார் என்றுதான் சாரதாமணி நினைத்தார்.

“அவனுக்கு அட்ரஸக் குடுத்தது நாந்தாம்மா” என்றார் பேச்சியம்மாள். “வந்து அழுதான். சேந்து பொழைக்கட்டும்னு குடுத்துட்டேன். எம் மவன்கிட்டகூட இதச் சொல்லல.”

உங்கள் தப்பில்லை என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார் சாரதாமணி. அந்தச் சமாதானம் எதற்கும் உதவாது என்று அவருக்குத் தெரியும்.

“சாப்பிட்டீங்களாங்க?” என்று கேட்டார்.

“இல்லம்மா.”

எதிரே இருந்த மெஸ்ஸில் இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். மகள் இருந்த வீட்டைப் பார்க்க வேண்டும் என்றார் பேச்சியம்மாள். பஸ்ஸில் கூட்டிப்போனார் சாரதாமணி. அங்கே இப்போது ஒடிசாக்காரத் தம்பதி குடியிருந்தார்கள். கணவன் வேலைக்குப் போயிருந்தான். மாசமாக இருந்த பெண் மட்டும் வீட்டில் இருந்தாள். இவர்கள் யார் என்று புரியாவிட்டாலும் பாய் விரித்துத் தண்ணீர் கொடுத்தாள். மகளின் அடுப்பு எங்கே இருந்தது, எந்தப் பக்கம் தலை வைத்துப் படுப்பாள் என்று பேச்சியம்மாள் ஒவ்வொன்றாகக் கேட்டார். சாரதாமணி காட்டினார். அழுகை அங்கேதான் வந்தது, இருவருக்கும்.

இரண்டு மாதத்தில் தீர்ப்பு வந்தது. ஆயுள் தண்டனை. சாரதாமணிதான் போன் செய்து சொன்னார்.

“சரிம்மா” என்றார் பேச்சியம்மாள். பிறகு, “அந்தப் பிள்ளைக்கு எப்பம்மா பிரசவம்?” என்றார்.

“ஆடி மாசமுங்க.”

அவன் தரப்பில் மேல்முறையீடு செய்திருக்கிறார்கள். மாதம் ஒருமுறையாவது இரண்டு பேரும் போனில் பேசிக்கொள்கிறார்கள்.